குனிந்து நின்ற ஒரு நொடி

ஆர்லோ பெண்டர் நடித்த படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றிலும் அவன் பெயர் திரையில் வந்ததில்லை. போலீஸ்காரனாக வந்து ஏரிக்குள் விழுவான். ஓட்டல் சிப்பந்தியாக வந்து சூப்பைத் தன் தலையிலேயே கொட்டிக்கொள்வான். பாதிரியாராக வந்து கல்யாண கேக்கின் மேல் உட்காருவான். வேஷம் எதுவானாலும் ஓர் இடம் மட்டும் கட்டாயம் உண்டு. எதிரே அழகான பெண் ஒருத்தி வருவாள். ஆர்லோ அந்தப் பெரிய தொப்பையோடு இடுப்பு மடியக் குனிந்து, தொப்பியைத் தரை துடைப்பதுபோல் வீசி மரியாதை செய்வான். செய்தவன் நிமிரவே மாட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் வீடு எரியும், வண்டி கவிழும், மாப்பிள்ளை கிணற்றில் விழுவான். ஆர்லோ குனிந்தபடியே இருப்பான். கொட்டகையில் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். டிராமில் யாராவது அடையாளம் கண்டுவிட்டால், "அந்தக் குனியற குண்டன்" என்று பக்கத்து ஆளை முழங்கையால் இடிப்பார்கள்.

அந்தக் குனிவுதான் அவனுக்குச் சோறு போட்டது. அது தனக்கு எப்படிக் கிடைத்தது என்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று அவன் ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தான்.

ஒஹாயோவில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவன் அவன். சூளை மூடப்பட்டதும் மேற்கே ரயிலேறினான். லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கி, ஈடன்டேல் மேட்டில் சிரிப்புப் படம் எடுக்கும் கம்பெனிகளின் வாசலில் காலையில் நிற்கும் வரிசையில் நின்றான். க்ராஸ்பெக் என்ற டைரக்டர் வரிசையில் நடந்துவந்து, முகம் எதையும் பார்க்காமல் வயிறுகளை மட்டும் பார்த்து, இவனை விரலால் சுட்டினார். அன்றைக்கே அவனை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளினார்கள். விழத் தெரியாமல் விழுந்து, மூன்று நாள் முதுகு நிமிராமல் கிடந்தான்.

விழச் சொல்லிக்கொடுத்தவன் மில்ட் காஸ்பர். ஒல்லியான, காது பெரிதான, சர்க்கஸில் அண்ணன் தம்பிகளோடு கரணம் போட்டுத் தேர்ந்தவன். உயரத்திலிருந்து குதிக்க வேண்டிய எல்லா வேஷத்துக்கும், கிழவியோ கல்யாணப் பெண்ணோ யாராக இருந்தாலும், பாவாடையைக் கட்டி அவனைத்தான் நிறுத்துவார்கள். எப்படி விழுந்தாலும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டு விழ வேண்டும் என்று ஆர்லோவுக்குக் காட்டிக்கொடுத்தான். இரண்டு பேரும் ஒரே விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள். கேமராவுக்காகப் பூசிய மஞ்சள் பூச்சு கலையாத முகத்தோடு, மிளகு போலக் காய்க்கும் மரத்தடியில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து பீன்ஸைத் தின்றார்கள். கம்பெனியில் உடை தைத்துக்கொண்டிருந்த நெல்டாவை மில்ட் கல்யாணம் செய்துகொண்டபோது, மாப்பிள்ளைக்குத் துணையாகப் பக்கத்தில் நின்றது ஆர்லோதான்.

அந்தச் சம்பவம் நடந்தது 1917 மார்ச்சில். தீயணைப்புப் படையை வைத்து எடுத்த இரண்டு ரீல் படம். ஒரு வீட்டின் இரண்டாம் மாடி ஜன்னலில், புகைக்கு நடுவே, இரவு உடையும் குல்லாயும் போட்ட சீமாட்டி. அது மில்ட். கீழே நான்கு தீயணைப்பு வீரர்கள் இரும்பு வளையத்தில் கட்டிய வட்டமான கான்வாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் தலைவன் ஆர்லோ. அந்த நேரம் பார்த்து நடைபாதையில் ஓர் அழகி வருகிறாள். தலைவன் கான்வாஸோடு மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு அவள் பக்கம் போய்க் குனிகிறான். கடைசி நொடியில் நினைவு வந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டு திரும்ப ஓடிவருகிறான். சீமாட்டி கான்வாஸில் வந்து விழுகிறாள்.

பேசாத படத்தில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் மில்ட் மேலேயிருந்து உரக்க எண்ணுவது வழக்கம். ஐந்து என்றதும் குதிப்பான். மூன்று என்று கேட்டதும் ஆர்லோ நிமிர்ந்து திரும்ப வேண்டும். மற்ற மூன்று பேரும் எண்ண வேண்டியதில்லை, ஆர்லோவின் முதுகைப் பார்த்து ஓடினால் போதும். இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார்கள். சரியாக வந்தது. மில்ட் குதிக்கும்போது கீழே பார்ப்பதில்லை. எதிர்வீட்டுக் கூரையைப் பார்ப்பான். கீழே இருக்கிறவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாதவன் குதிக்கவே கூடாது என்பது அவன் கொள்கை.

கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். அழகி வந்தாள். ஆர்லோ போனான், குனிந்தான். மேலே ஒன்று, இரண்டு என்று குரல் கேட்டது. அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. க்ராஸ்பெக் சிரித்தார்.

க்ராஸ்பெக் சிரித்து அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. அவர் சிரிப்பை வாங்குவதற்காகப் பல்லை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. வயிறு மட்டுமே தன்னுடைய தகுதி என்று மூன்று வருஷமாக நம்பியிருந்த ஆர்லோவுக்கு, குனிந்த தலைக்குள் இரத்தம் பாய்ந்த மாதிரி இருந்தது. மூன்று என்ற குரல் அவன் காதில் தெளிவாக விழுந்தது. அவன் நிமிரவில்லை. தொப்பியை இன்னொரு முறை வீசினான். நான்கு என்று கேட்டபோதுதான் திரும்பி ஓடினான்.

கான்வாஸின் இரும்பு வளையத்தில் இடுப்பு அடிபட்டு, மில்ட் நடைபாதையில் விழுந்தான். சத்தமே போடவில்லை. அந்தக் குல்லாய் மட்டும் கழன்று சாக்கடை ஓரம் உருண்டது. முதலில் சிரித்தவர்களும் இருந்தார்கள், வேண்டுமென்றே செய்ததாக நினைத்து.

ஆஸ்பத்திரி வண்டிக்குக் காத்திருந்தபோது, என்ன ஆயிற்று, யார் தப்பு என்று கம்பெனி மேனேஜர் கேட்டார். மற்ற மூவரும் ஆர்லோவைப் பார்த்தார்கள். ஆர்லோவின் வாய் தானாகத் திறந்தது.

"அவன் கொஞ்சம் வேகமா எண்ணிட்டான்."

தரையில் கிடந்த மில்ட் அதைக் கேட்டான். வெளிறிய முகத்தைத் திருப்பி ஆர்லோவைப் பார்த்தான். அதில் கோபமில்லை. தன் தப்புக்கு வெட்கப்படுகிறவனின் பார்வை அது. "அப்படியாடா? வேகமாவா எண்ணினேன்?" என்று மட்டும் கேட்டான்.

இடது தொடையும் இடுப்பெலும்பும் உடைந்திருந்தன. எலும்பு கோணலாகக் கூடியது. நான்கு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வெளியே வந்தவனுக்கு, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தது. அதற்குள் படம் வெளியாகியிருந்தது. விழும் இடத்தை வெட்டிவிட்டு, வைக்கோல் பொம்மையைப் போட்டு மறுபடி எடுத்திருந்தார்கள். குனியும் இடத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தார்கள். அமெரிக்கா முழுக்க அந்த இடத்தில் கொட்டகை அதிர்ந்தது என்று கடிதங்கள் வந்தன. வாசல் வரிசையில் நின்ற ஆர்லோ மாதச் சம்பளக்காரன் ஆனான். ஒவ்வொரு படத்திலும் அவனுக்கு ஒரு குனிவு எழுதினார்கள்.

ஆர்லோ அந்தப் படத்தை மெயின் தெருக் கொட்டகையில் ஒன்பது முறை பார்த்தான். பக்கத்து நாற்காலியில் ஒரு தாய் சிரிப்புத் தாங்காமல் குழந்தையைக் கீழே விட்டுவிடுவாள் போலிருந்தது. தொப்பி இரண்டாவது முறை வீசப்படும் இடத்தில்தான் சிரிப்பு உச்சத்துக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அவன் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவான்.

கான்வாஸ் பிடித்த மற்ற மூவரில் ஒருவன் பிரான்ஸில் போரில் செத்தான், ஒருவன் மறுவருஷம் விஷக்காய்ச்சலில் போனான், ஒருவன் ஓரிகான் பக்கம் மரம் வெட்டப் போய்விட்டான். அவர்கள் ஒருவரும் எண்ணிக்கையைக் கவனித்தவர்களில்லை. கேட்க இனி யாரும் இல்லை என்று ஆர்லோவுக்கு ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மில்ட் ஆரஞ்சுப் பழம் அடைக்கும் கிடங்கில் உட்கார்ந்து பெட்டிக்கு ஆணி அடிக்கும் வேலைக்குப் போனான். நெல்டா வீட்டிலேயே தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆர்லோ போவான். பன்றித் தொடை இறைச்சியோ பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரமோ வாங்கிப் போவான். கூரை ஒழுகினால் ஏறிச் சரிசெய்வான். கோழிக்கூண்டு கட்டிக்கொடுத்தான். நெல்டா அக்கம்பக்கத்தில் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள்: சினிமாவில் ஆளே மாறிவிடுவார்கள், இவர் ஒருவர்தான் பழசை மறக்காதவர் என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் ஆர்லோ கூண்டுக்குள் தலையை விட்டுக்கொள்வான்.

மில்ட் மேசையில் ஒரு கைக்கடிகாரம் வைத்திருந்தான். நொடி முள் உள்ளது. கிடங்கு வேலையில்லாத நேரத்தில் அதைக் குப்புறப் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவான், திருப்பிப் பார்ப்பான். மறுபடி குப்புறப் போடுவான். ஒருநாள் ஆர்லோ எதிரே இருக்கும்போதே நான்கைந்து முறை செய்துவிட்டு நிமிர்ந்தான்.

"எப்பப் பாத்தாலும் சரியாத்தாண்டா வருது. ஒரு மயிரிழை கூடக் குறைய மாட்டேங்குது. அன்னிக்கு மட்டும் எப்படித் தப்பா எண்ணினேன்னு புரியல."

ஆர்லோ, "விடுடா, பழைய கதை," என்றான். சொன்ன குரல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சர்க்கஸ் கோஷ்டி மில்ட்டைத் தேடிவந்தது. காஸ்பர் சகோதரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள். குதிக்க வேண்டாம், நின்று சொல்லிக்கொடுத்தால் போதும், எண்ணிக்கொடுத்தால் போதும் என்று கெஞ்சினார்கள். மில்ட் மாட்டேன் என்றுவிட்டான். ஐந்து வரை எண்ணத் தெரியாதவனை நம்பி அடுத்தவன் பிள்ளைகள் குதிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். நெல்டா இதை ஆர்லோவிடம் சொல்லி அழுதாள். கால் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை, தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது, நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்றாள். ஆர்லோ சரி என்று தலையாட்டிவிட்டு, எதுவும் சொல்லாமலே டிராம் ஏறினான்.

1923 கோடையில் க்ராஸ்பெக் அந்தத் தீயணைப்புக் காட்சியை மறுபடி எடுக்கத் தீர்மானித்தார். பழைய படம் தேய்ந்துபோய்விட்டது, ஜனங்கள் இன்னும் கேட்கிறார்கள் என்றார். குதிக்கப் புதிதாக ஓர் ஆள் வந்தான். லெஸ்டர் என்று பெயர். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆனவன். மில்ட் போட்டது போன்ற குல்லாயே போட்டிருந்தான். கான்வாஸும் அதே வளையம், துணி மட்டும் புதிது.

கேமரா சுற்றியது. லெஸ்டர் ஒன்று என்றான். ஆர்லோ குனிந்தான். இரண்டு என்றதுமே நிமிர்ந்து ஓடிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்றுவிட்டான். க்ராஸ்பெக் நிறுத்தினார். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை ஒன்றிலேயே திரும்பிவிட்டான். ஐந்து தடவை இப்படியே ஆயிற்று. பிலிம் வீணாகிறதென்று கேமராக்காரர் முணுமுணுத்தார். ஆர்லோவின் முகப்பூச்சு வியர்வையில் கழுத்துக்கு வழிந்திருந்தது.

க்ராஸ்பெக் அவனைத் தனியே, ஓவியத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"யோவ், என்ன ஆச்சு உனக்கு? அன்னிக்கு நாலு வரைக்கும் நின்னியே. அந்த ஒரு எண்ணிக்கைதான்யா சிரிப்பே. அதை எனக்குக் குடு."

ஆர்லோ தலையை நிமிர்த்தினான். "நாலு வரைக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். பழைய படத்தின் அந்தப் பிலிம் துண்டை மேசையில் வைத்துப் பிரேம் பிரேமாக எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். மில்ட்டின் வாய் அசைவது ஜன்னலில் தெளிவாகத் தெரிகிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எத்தனை பிரேமோ, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே அத்தனை. "அவன் சரியாத்தான்யா எண்ணினான். பிலிம வெட்டி ஒட்டற பொண்ணுங்களுக்கே தெரியும். நான் அப்ப சிரிச்சிருக்கக் கூடாது. வெளிய சொன்னா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்னு விட்டுட்டேன். நீயாவது அவன்கிட்ட சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

ஆர்லோ நேராக வாசலுக்கு நடந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

தீயணைப்புத் தலைவனின் பித்தளைப் பொத்தான் கோட்டும், மஞ்சள் முகமும், மை தீட்டிய புருவமுமாக டிராமில் ஏறினான். ஏறியதுமே இரண்டு பெண்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். வண்டி முழுக்கச் சிரிப்புப் பரவியது. ஒருத்தி எழுந்து அவன் முன்னால் ஒய்யாரமாக நடந்து காட்டினாள், அவன் குனிவானென்று. அவன் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவும் நடிப்பென்று எண்ணி இன்னும் சிரித்தார்கள்.

மில்ட் தன் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். நெல்டா தையல் மிஷினிலிருந்து எட்டிப்பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகூட இல்லையே, என்ன இந்தக் கோலம் என்றாள். ஆர்லோ உட்காராமலே சொன்னான். க்ராஸ்பெக் சிரித்ததையும், மூன்று என்பது காதில் விழுந்ததையும், தொப்பியை இரண்டாவது முறை வீசியதையும் வரிசையாகச் சொன்னான்.

"நீ சரியாத்தான் எண்ணினே மில்ட். நான்தான் திரும்பல. தெரிஞ்சேதான் திரும்பல. அப்புறம் எல்லார் முன்னாலயும் உன் மேல பழியப் போட்டேன்."

மிஷின் நின்றிருந்தது. மில்ட் கையிலிருந்த ஆரஞ்சை மெதுவாகத் தட்டில் வைத்தான். பிறகு கேட்டது ஒன்றுதான்: அப்படியென்றால் தன் எண்ணிக்கை சரியா, நிச்சயமாகச் சரியா. டைரக்டரே பிலிமில் எண்ணிப் பார்த்துவிட்டார் என்று ஆர்லோ சொன்னதும், மில்ட்டின் தோள்கள் குலுங்கின. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. முகத்தை ஆரஞ்சு மணக்கும் கைகளால் மூடிக்கொண்டிருந்தான்.

நெல்டா எழுந்து வந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"கால உடைச்சதுக்கு உங்கள நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். உங்க தொழில்ல அது நடக்கறதுதான். ஆனா இந்த மனுஷன் ஆறு வருஷமா அந்தக் கடிகாரத்தோட கெடந்தாரு. எதிர்ல ஒக்காந்து பாத்தீங்க. என் கையால போட்ட காபியக் குடிச்சிட்டே பாத்தீங்க."

ஆர்லோ மில்ட்டைப் பார்த்தான். மில்ட் கையை எடுத்தான். கண் சிவந்திருந்தது.

"அன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா, போடா தடியான்னு ஒரு அறை குடுத்துட்டு விட்டிருப்பேண்டா. இப்ப எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நீ இனிமே ஞாயித்துக்கிழமை வராதே."

ஆர்லோ படியிறங்கினான். கோழிகள் அவனைக் கண்டு தீனி என்று ஓடிவந்தன.

மறுவாரம் க்ராஸ்பெக் வேறு ஒரு குண்டனை வைத்து அந்தக் காட்சியை எடுத்தார். அவன் மூன்றில் திரும்பினான். லெஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் அவ்வளவாக ஓடவில்லை. ஆர்லோ இனிமேல் குனிய மாட்டேன் என்றான். குனியாத ஆர்லோ யாருக்கு வேண்டும்? பழையபடி வாசல் வரிசைக்கு வந்தான். கூட்டத்தில் ஒருவனாக, கல்யாண வீட்டில் பின்வரிசையில், கப்பலில் வாந்தியெடுக்கும் பயணிகளில் ஒருவனாக நின்றான்.

மில்ட் அந்தச் சர்க்கஸ் கோஷ்டிக்குக் கடிதம் எழுதினான். அவர்கள் வந்து அழைத்துப்போனார்கள். இரண்டு வருஷத்தில் வேறொரு படக் கம்பெனி, உயரத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கு எண்ணிக்கொடுக்க அவனைத் தினமும் வண்டி அனுப்பிக் கூட்டிப்போனது. அவன் எண்ணினால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கலாம் என்று ஈடன்டேலில் பேச்சு. ஆர்லோ இதையெல்லாம் வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் சொல்லக் கேட்டான். சந்தோஷமாகத்தான் இருந்தது. இழந்த ஆறு வருஷத்தை மனசு உடனே கணக்குப் பார்க்கும்; சந்தோஷம் அதோடு வடிந்துவிடும்.

பேசும் படம் வந்த வருஷம் க்ராஸ்பெக் இறந்தார். சவ அடக்கத்துக்கு, அவர் படங்களில் விழுந்து எழுந்து பிழைத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நொண்டினார்கள். ஆர்லோ ஓரமாக நின்றிருந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது மில்ட் ஊன்றுகோலோடு அவனிடம் வந்து நின்றான். நெல்டா வேலியருகே காத்திருந்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"வேலை இருக்கா?" என்றான் மில்ட்.

"ஏதோ ஓடுது."

"முதுகு?"

"வலிக்கும். மழைக்காலத்துல ஜாஸ்தி."

மில்ட் தலையாட்டினான். இன்னும் ஏதோ சொல்ல வருகிறவன்போல நின்றான். மன்னித்துவிடு என்று கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஆர்லோவுக்குத் தோன்றியது. ஆனால் கேட்டால், பாவம் மில்ட், இல்லை என்று சொல்ல மனசு வராமல் சரி என்று சொல்லிவிடுவான். இன்னொரு தடவை அவனிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டதாகிவிடும். ஆர்லோ வாயை மூடிக்கொண்டான்.

"சரி, வரேன்," என்று மில்ட் திரும்பினான். சரளைக் கல்லில் ஊன்றுகோல் வழுக்கியது. பிடிக்க ஆர்லோவின் கை நீண்டது. அதற்குள் நெல்டா வந்து அவனைத் தாங்கிக்கொண்டாள். இருவரும் டிராம் நிறுத்தத்தை நோக்கி மெதுவாக நடந்தார்கள். ஆர்லோ அவர்கள் ஏறி, வண்டி புறப்படும் வரை கல்லறை வாசலிலேயே நின்றான். பிறகு அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தான்.